தோற்காமலே கீழே இறக்கப்பட்டவர்கள்

2019 மார்ச் 9. கோவை நேரு விளையாட்டரங்கம். சென்னை சிட்டி கால்பந்து அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்றது. ஐ-லீக் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது. இரண்டாம் இடத்தில் நின்றது நூறாண்டை எட்டவிருந்த ஈஸ்ட் பெங்கால். அதைவிட ஒரே ஒரு புள்ளிதான் கூடுதல். தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுவே முதல் முறை.

இன்று அந்த அணி எங்கே? ஐபிஎல் ஏலத்தில் யார் எத்தனை கோடிக்குப் போனார் என்று ஒப்பிக்கும் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெயரே தெரியாது. 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை.

தலித் அரசியல் பேசும் இடத்தில் கால்பந்து கிளப்பின் கதை எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இது பந்தின் கதை மட்டும் அல்ல, படிக்கட்டின் கதை.

1946-இல் தொடங்கிய நேதாஜி விளையாட்டு மன்றத்தின் வழியில் வந்தது சென்னை சிட்டி. 2016-17 பருவத்தில் ஐ-லீக்குக்குள் வந்தது. அப்போதும் கீழ்மட்ட லீக்கில் வென்று ஏறி வரவில்லை, ஏலம் கேட்டுத்தான் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் வந்த பிறகு, சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸின் பயிற்சியில் மைதானத்தில் ஆடித்தான் முதலிடம் பிடித்தது. வென்ற அணிக்கு என்ன கிடைத்தது என்பதுதான் கேள்வி.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010-இல் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்திடம் கொடுத்தது. அதிலிருந்து 2014-இல் பிறந்தது இந்தியன் சூப்பர் லீக். நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் தொழிலதிபர்களும் அணி வாங்கினார்கள். அதில் நுழைய ஆட்டத் திறமை போதவில்லை, கோடிகளில் கட்டணம் வேண்டியிருந்தது. ஐ-லீக்கில் முதலிடம் பிடித்தாலும் அன்று அந்தக் கதவு திறக்கவில்லை. 2017-இல் மிசோரமின் ஐஸ்வால் அணி வென்றது. பெருநகரம் இல்லை, பெருமுதலாளி இல்லை, மலையூர் அணி. கதவு திறக்கவில்லை. 2018-இல் மினர்வா பஞ்சாப் வென்றது. திறக்கவில்லை. 2019-இல் சென்னை சிட்டி.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 2019 அக்டோபரில் புதிய திட்டம் வந்தது. இனி சூப்பர் லீக்தான் நாட்டின் முதல்நிலை லீக், ஐ-லீக் இரண்டாம் நிலை என்றார்கள். நாட்டின் சாம்பியனாக இருந்தவர்கள் ஏழு மாதத்தில் இரண்டாம் நிலை அணியானார்கள். எந்த ஆட்டத்தில் தோற்று? எதிலும் இல்லை. மேலே இருந்தவர்கள் கோட்டை மாற்றிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

1920 ஜனவரி 31 அன்று வெளிவந்த ‘மூக்நாயக்’ முதல் இதழில் அண்ணல் அம்பேத்கர் இந்துச் சமூகத்தைப் பல மாடிக் கட்டடமாகக் காட்டினார். மாடிக்கு மாடி ஏறப் படிக்கட்டு கிடையாது. கீழ்மாடியில் பிறந்தவர் எவ்வளவு தகுதி பெற்றாலும் மேலே போக முடியாது. மேல்மாடியில் பிறந்தவர் எவ்வளவு தகுதி கெட்டாலும் கீழே வரப்போவதில்லை. சூப்பர் லீக்கை இதோடு வைத்துப் பாருங்கள். முதல் பத்து ஆண்டுகளில் கடைசி இடம் பிடித்த எந்த அணியும் கீழே இறக்கப்படவில்லை. ஐ-லீக்கில் வென்று அதன் தகுதியில் ஒரு அணி மேலே ஏறியது 2023-இல்தான். பஞ்சாப் எஃப்சி. சென்னை சிட்டிக்கு அந்தப் படி நான்கு ஆண்டு தாமதம்.

ஒரு கிளப் மூடப்பட ஒரே காரணம் இருக்காது. சென்னை சிட்டியின் முதலாளிகளை ஒடுக்கப்பட்டவர்கள் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் “தகுதி, திறமை” என்று நம் இடஒதுக்கீட்டைப் பார்த்துப் பாடம் எடுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தகுதியும் திறமையும் கோலாக எண்ணப்பட்டு, புள்ளியாகப் பட்டியலில் ஏறிய இடத்தில்கூட, ஏன் பணப்பெட்டியைப் பார்த்துக் கதவைத் திறந்தீர்கள்?

இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருப்பவர்கள் யார்? வியாசர்பாடி. உழைக்கும் தலித் மக்கள் நெருக்கியடித்து வாழும் வடசென்னைப் பகுதி. பத்திரிகைகள் குற்றச் செய்திக்காக மட்டுமே பெயர் சொல்லும் அந்த இடத்திலிருந்துதான் கால்பந்து வீரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சென்னையின் எஃப்சி 2017-18-இல் சூப்பர் லீக்கை வென்றபோது அந்த அணியில் இருந்த தன்பால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். சென்னை சிட்டியில் ஆடிய நந்தகுமார் சேகரும் வியாசர்பாடிக்காரர். 2023 ஆகஸ்ட் 12 அன்று கொல்கத்தாவில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலை வெல்லவைத்த ஒரே கோல் அவருடையது.

பெருமைதான். ஆனால் பெருமையோடு நின்றுவிடக் கூடாது. ஒருவர் சுவர் ஏறிக் குதித்து மேலே போவது வேறு, எல்லோருக்கும் படிக்கட்டு கட்டுவது வேறு. நூறாண்டுக்கு முன் பல்வங்கர் பாலு இந்தியாவின் தலைசிறந்த பந்துவீச்சாளராக இருந்தார். மைதானத்தில் அவர் பந்தைத் தொட்டவர்கள் அவர் தேநீர்க் கோப்பையைத் தொடவில்லை, வெளியே தனி மண்கோப்பையில் கொடுத்தார்கள். நமது கால் வேண்டும், கை வேண்டும், நாம் மட்டும் வேண்டாம். இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

வேறு மாதிரி கிளப் நடத்த முடியாதா? பாரிசை ஒட்டிய சாந்த்-உவான் என்ற தொழிலாளர் ஊரில் ரெட் ஸ்டார் என்ற கிளப் இருக்கிறது. 1897-இல் ஜூல் ரிமே தன் நண்பர்களோடு தொடங்கியது. பின்னாளில் உலகக் கோப்பையைத் தொடங்கிவைத்தவர் அவர்தான். பணக்காரர் மட்டுமே மன்றம் அமைத்து விளையாடிய காலத்தில், வர்க்கம் பார்க்காமல் ஆள் சேர்க்க வேண்டும் என்பதையே இந்தக் கிளப்பின் கொள்கையாக வைத்தார். 1943-இல் அதில் சேர்ந்தவர் ரினோ தெல்லா நெக்ரா, இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. ஆடிக்கொண்டே நாஜிகளுக்கு எதிரான தலைமறைவுப் படையிலும் இருந்தார். 1944 பிப்ரவரி 21 அன்று தோழர்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 20. கடைசிக் கடிதத்தில் தன் கிளப்புக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். ரசிகர்கள் இன்றும் அவர் பெயர் சொல்லித்தான் நிற்கிறார்கள்.

அந்தக் கிளப்பும் கடனில் மூழ்கியது. வட்டார லீக் வரை விழுந்தது. ஆனால் படிக்கட்டு இருந்ததால் ஒவ்வொரு படியாக ஆடி ஏறியது. 2024-இல் மூன்றாம் நிலையை வென்று மறுபடி இரண்டாம் நிலைக்கு வந்தது. பிரான்சு சொர்க்கம் இல்லை, அங்கும் பெருமுதலாளிகள் கிளப்புகளை வாங்கத்தான் செய்கிறார்கள். ஆனால் விழுந்தவர் எழ வழி வைத்திருக்கிறார்கள். ஊர் மக்கள் தங்கள் கிளப் என்று நினைக்கிறார்கள். சென்னை சிட்டி மறைந்தபோது அழ ஒரு தெரு இல்லாமல் போனது. அதுதான் வித்தியாசம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ‘ப்ளூ ஸ்டார்’ படத்தில் அரக்கோணத்தில் பார்த்ததை தம்மம்பட்டி வட்டாரத்தில் நாம் பார்த்ததில்லையா? பொங்கலுக்குப் போட்டி நோட்டீஸ் ஒட்டுவார்கள். “ஒரே ஊர் வீரர்கள் மட்டும்” என்று விதி இருக்கும். காலனிப் பையன்கள் பெயர் கொடுக்கப் போனால், “நீங்க தனி டீமா வாங்கப்பா” என்பார்கள். வரி வாங்கும்போது ஒரே ஊர், ஓட்டு கேட்கும்போது ஒரே ஊர். பந்தை எடுத்தால் மட்டும் ஊர் வேறு, காலனி வேறு. கெங்கவல்லி தனித்தொகுதி. சட்டமன்றத்தில் நமக்கு நாற்காலி இருக்கிறது. திடலில் இடம் இருக்கிறதா?

மூன்று வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, சாவி. 2024-இல் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் ஊராட்சிதோறும் மட்டை, பந்து, வலை என்று 33 வகைப் பொருட்கள் கொடுத்தார்கள். அந்த அறையின் சாவி யார் வீட்டில் தொங்குகிறது? காலனிப் பிள்ளைகள் அதைத் தொட்டிருக்கிறார்களா? அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு, திடல். ஊர்ப் பொதுச் சொத்தைப் பயன்படுத்தவிடாமல் நம்மைத் தடுப்பது, 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி குற்றம். குளமும் பாதையும் சுடுகாடும் மட்டும்தான் பொது என்று நினைக்காதீர்கள். அரசு நிலத்தில் உள்ள விளையாட்டுத் திடலும் பொதுதான்.

மூன்று, மன்றம். நம் பையன்களும் பெண்களும் சேர்ந்த விளையாட்டு மன்றத்தைப் பதிவு செய்யுங்கள். முதல் விதியாக “சாதி பார்த்து யாரையும் சேர்ப்பதோ விலக்குவதோ இல்லை” என்று எழுதுங்கள். நம்மை விலக்கியவர்களின் பிள்ளைகள் வந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கட்டிய கட்டடத்தை நாமும் கட்ட வேண்டியதில்லை.

கோப்பை யாரும் வாங்கலாம், தொலைக்கலாம். நம் தலைமுறை கட்ட வேண்டியது படிக்கட்டு.

ஜெய் பீம்.