கைவிலங்கோடு ஒரு பேட்டி!



ஒருவர் கைது செய்யப்படுகிறார். வழக்கு இன்னும் நீதிமன்றப் படி ஏறவில்லை. ஒரு சாட்சி கூட விசாரிக்கப்படவில்லை. அதற்குள் அவருடைய "பேட்டி" வெளிவந்து விடுகிறது. "நான்தான் செய்தேன்" என்று அவரே சொல்லி விட்டாராம்! டீக்கடையிலும் கடைத்தெருவிலும் தீர்ப்பு எழுதி முடித்தாகி விட்டது. இனி நீதிபதிக்கு என்ன வேலை?

விசாரணைக்கு முன்பே சிறையில் இருப்பவரைப் பத்திரிகையாளர் பேட்டி எடுக்கலாமா? நாம் இதைக் கேட்டால், "உங்கள் ஆள் என்றால் ஒரு நியாயம், அடுத்தவன் என்றால் வேறு நியாயமா?" என்று உடனே திருப்பிக் கேட்பார்கள். கேட்கட்டும். அது நியாயமான கேள்விதான். அதனால் இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பேசுவோம்.

2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. ஓரிரு நாட்களில் கைதானவர்களில் ஒருவர் அப்சல் குரு. இன்னொருவர் டெல்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாகிர் ஹுசைன் கல்லூரியில் அரபி விரிவுரையாளராக இருந்த எஸ்.ஏ.ஆர். கீலானி. டிசம்பர் 20 அன்று டெல்லி காவல்துறையின் சிறப்புப் பிரிவு தொலைக்காட்சிக்காரர்களை அழைத்தது. தன் காவலில் இருந்த அப்சலை அவர்கள் முன்னால் உட்கார வைத்தது. கேமராக்கள் ஓடின. அவர் குற்றத்தை ஒப்புக் கொண்டார். நாடே பார்த்தது.

அந்த அறையில் நடந்த ஒரு விஷயம் மட்டும் நாட்டுக்கு அன்று தெரியவில்லை.

கீலானியைப் பற்றிக் கேட்டபோது, அவரிடம் தான் எதையும் சொல்லவில்லை என்று அப்சல் சொல்லி விட்டார். உடனே அங்கிருந்த உதவிக் கமிஷனர் அவர் மீது சீறினார். கீலானியைப் பற்றி எதுவும் பேசக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேனே என்று சத்தம் போட்டார். அந்த வரியை ஒளிபரப்ப வேண்டாம் என்று செய்தியாளர்களைக் கேட்டுக் கொண்டார். இது நமது கற்பனை அல்ல. 'ஆஜ் தக்' தொலைக்காட்சியின் செய்தியாளர் ஒருவர் பிறகு நீதிமன்றத்தில் கூண்டேறி, எதிர்த்தரப்பு சாட்சியாகச் சொன்னது.

சிந்தித்துப் பாருங்கள்! "நான் செய்தேன்" என்ற வார்த்தை உடனே வீட்டுக்கு வீடு போய்ச் சேர வேண்டும். "அவர் செய்யவில்லை" என்ற வார்த்தை அறைக்குள்ளேயே சாக வேண்டும். இதற்குப் பெயர் பேட்டியா? எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று போலீஸ் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்து, மைக்கை மட்டும் பத்திரிகையாளர் கையில் தந்தால், அவர் அங்கே பத்திரிகையாளரா அல்லது ரைட்டரா?

இன்னொன்றையும் கவனியுங்கள். போலீஸ் அதிகாரியிடம் அப்சல் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட முறையான வாக்குமூலம் டிசம்பர் 21 அன்று பதிவானது. அதாவது பேட்டி நடந்ததற்கு அடுத்த நாள்! முதலில் ஊருக்குச் சொல்லி விட்டு, பிறகு காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள். ஊரறியச் சொல்லி விட்டவன் மறுநாள் எப்படி மாற்றிச் சொல்வான்?

கீலானிக்கு 2002 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. 2003 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2005 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதி செய்தது. இதற்கிடையில் 2005 பிப்ரவரியில் தம் வழக்கறிஞரின் வீட்டு வாசலில் சுடப்பட்டு உயிர் பிழைத்தார். தூக்கு மேடை வரை போய்த் திரும்பிய மனிதர் அவர். அவரைக் காக்கக் கூடிய ஒரு வரி, பேட்டி எடுத்தவர்களின் ஒலிநாடாவில்தான் இருந்தது!

அப்சலின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2013 பிப்ரவரி 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். அதை மறைத்துப் பேச நாம் தயாரில்லை. ஆனால் அதே தீர்ப்பில், காவல்துறை ஏற்பாடு செய்த அந்தப் பேட்டிக்கு எந்த மதிப்பும் தர முடியாது என்று நீதிபதிகள் எழுதினார்கள். போலீஸ் எடுத்தது தவறான நடவடிக்கை என்றும் சொன்னார்கள். வழக்கறிஞரைச் சந்திக்கும் வாய்ப்பு தராதது உள்ளிட்ட மீறல்களுக்காக, எழுத்தில் எடுத்த வாக்குமூலத்தையும் ஏற்க மறுத்தார்கள். விசாரணையை மேற்பார்வையிட்ட துணைக் கமிஷனரோ, அப்படி ஒரு பேட்டி நடந்ததே தமக்குத் தெரியாது என்று நீதிமன்றத்தில் சொன்னார். நாடே பார்த்த பேட்டி அவருக்கு மட்டும் தெரியாதாம்!

இனி இரண்டாவது சம்பவம். இது நம்மில் பலருக்குக் கசக்கும்.

2007ஆம் ஆண்டு. பிப்ரவரியில் சம்ஜோதா ரயிலில் குண்டு வெடித்து 68 பேர் மாண்டார்கள். மே மாதம் ஹைதராபாத் மக்கா மஸ்ஜிதில் ஜும்ஆ நேரத்தில் குண்டு வெடித்தது. அக்டோபரில் அஜ்மீர் தர்காவில். இந்த வழக்குகளில் 2010 நவம்பரில் சுவாமி அசீமானந்தா கைதானார். அடுத்த மாதம் டெல்லியில் மாஜிஸ்திரேட் முன்னால் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார். பிறகு, அது மிரட்டி வாங்கப்பட்டது என்று மறுத்து விட்டார்.

2014 ஜனவரியில் பஞ்ச்குலா சிறப்பு நீதிமன்றம் அவர் மீது குற்றச்சாட்டு பதிவு செய்தது. அதற்கு அடுத்த மாதமே 'கேரவன்' ஆங்கில இதழில் அவருடைய பேட்டி வெளியானது. அம்பாலா சிறையில் இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை சந்தித்து, ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பேசி எடுத்ததாக இதழ் சொன்னது. ஆர்.எஸ்.எஸ். உயர்மட்டத்துக்கும் விஷயம் தெரியும் என்று அவர் கூறியதாக எழுதியது. அந்த அமைப்பு மறுத்தது. அசீமானந்தாவும் மறுத்தார். இதழ் ஒலிப்பதிவை வெளியிட்டது.

அன்று நம் இளைஞர்களில் எத்தனை பேர் துள்ளிக் குதித்தார்கள்! "பார்த்தீர்களா, அவன் வாயாலேயே சொல்லி விட்டான்" என்று நகல் எடுத்து விநியோகித்தவர்கள் உண்டு. ஆனால் "அவன் வாயாலேயே சொல்லி விட்டான்" என்பது 2001இல் நமக்கு எதிராகச் சொல்லப்பட்ட அதே வாசகம் அல்லவா? அப்சலின் பேட்டி ஆதாரம் ஆகாது என்றால் அசீமானந்தாவின் பேட்டியும் ஆதாரம் ஆகாது. மிரட்டி வாங்கினார்கள் என்று நம் பிள்ளை சொன்னால் நம்புவோம், சாமியார் சொன்னால் சிரிப்போம் என்றால் அது நீதி அல்ல, கோஷ்டிச் சண்டை. பிக்ஹு கிதாபு ஓதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இக்ராருக்கு முதல் நிபந்தனையே சுய விருப்பம்தான். இக்ராஹில், அதாவது நிர்ப்பந்தத்தில் சொன்னது செல்லாது. அந்த நிபந்தனை முஸ்லிமுக்கு மட்டும் என்று எந்தக் கிதாபிலும் இல்லை.

அதற்காக இரண்டு பேட்டிகளும் ஒன்று என்று சொல்லி விட முடியாது. முதலாவதில் போலீஸ் அழைத்தது, போலீஸ் உட்கார்ந்திருந்தது, போலீஸ் வெட்டச் சொன்னது. இரண்டாவதில், இதழ் சொல்வதை வைத்துப் பார்த்தால், செய்தியாளர் தாமாகத் தேடிப் போயிருக்கிறார். ஒரு முறை அல்ல, நான்கு முறை. சொன்னதற்கு ஒலிப்பதிவு இருக்கிறது. மறுப்பு வந்ததும் அதை வெளியிட்டு, கேட்டுக் கொள்ளுங்கள் என்று சொல்ல முடிந்தது. பத்திரிகைத் தொழில் என்ற அளவில் இரண்டாவது எவ்வளவோ மேல். ஆனாலும் அது தீர்ப்பு அல்ல. விசாரிக்க வேண்டிய விஷயங்களைக் காட்டும் ஒரு துப்பு. அவ்வளவுதான்.

துப்பைத் தீர்ப்பாக எடுத்துக் கொண்டதால் என்ன ஆனது? நாம் இதழைக் கையில் வைத்துக் கொண்டு திருப்தியாக உட்கார்ந்து விட்டோம். நீதிமன்றத்திலோ சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்ந்து கொண்டிருந்தார்கள். அசீமானந்தா 2017 மார்ச்சில் அஜ்மீர் வழக்கில் விடுதலை. 2018 ஏப்ரலில் மக்கா மஸ்ஜித் வழக்கில் விடுதலை. 2019 மார்ச்சில் சம்ஜோதா வழக்கிலும் விடுதலை. நம்பத்தக்க ஆதாரம் இல்லாமல் இவ்வளவு கொடிய குற்றம் தண்டனையின்றிப் போகிறதே என்று சம்ஜோதா நீதிபதி தம் தீர்ப்பில் வேதனைப்பட்டார். பேட்டியை நகல் எடுத்தவர்களில் எத்தனை பேர் அந்த வழக்கின் வாய்தா தேதியைக் கேட்டு வைத்திருந்தார்கள்? அந்த 68 குடும்பங்களுக்கும் பேட்டியால் கிடைத்தது என்ன?

அப்படியானால் சிறைக் கதவைப் பத்திரிகையாளர்களுக்கு ஒரேயடியாக மூடி விடலாமா? கூடவே கூடாது! மூடினால் முதலில் சாவது நம்மைப் போன்றவர்கள்தான். ஷீலா பார்சே என்ற பெண் பத்திரிகையாளர் பம்பாய் மத்தியச் சிறையில் 15 பெண் கைதிகளைச் சந்தித்தார். அவர்களில் 5 பேர், போலீஸ் லாக்கப்பில் தங்களை அடித்ததாகச் சொன்னார்கள். அவர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவானது. பெண்களைத் தனி லாக்கப்பில் வைக்க வேண்டும், பெண் காவலர்களே காவல் இருக்க வேண்டும் என்று 1983இல் உத்தரவு பிறந்தது. அவர் "நீ குற்றம் செய்தாயா?" என்று கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா? "உன்னை என்ன செய்தார்கள்?" என்று கேட்டார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சிறையில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தண்டனை பெறாதவர்கள். 2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்கில் 5,73,220 கைதிகளில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இவர்களிடம் எழுத வேண்டிய செய்தி மலைபோல் கிடக்கிறது. எத்தனை வருடமாக உள்ளே இருக்கிறாய், வக்கீல் இருக்கிறாரா, வாய்தாவுக்குக் கூட்டிப் போகிறார்களா, மருந்து கிடைக்கிறதா? இதைக் கேட்க எந்தச் செய்தியாளரும் வரிசையில் நிற்கக் காணோம்.

பணமும் ஆள்பலமும் உள்ளவனுக்கோ கதை வேறு. பாடகர் சித்து மூசேவாலா கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட லாரன்ஸ் பிஷ்னோய் காவலில் இருந்தபடியே தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தான். 2023 மார்ச்சில் ஒளிபரப்பானது. உயர் நீதிமன்றம் அமைத்த குழு விசாரித்ததில், ஒரு பேட்டி பஞ்சாபின் கரார் போலீஸ் காவலில் இருந்தபோதே எடுக்கப்பட்டது என்று தெரிய வந்தது! ஒரு டி.எஸ்.பி. வேலையை விட்டே நீக்கப்பட்டார். இதற்குப் பேட்டி என்று பெயர் வைப்பதை விட விளம்பரம் என்று சொல்வதே பொருத்தம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்து கொள்ளுங்கள். கைதியைப் பேட்டி எடுப்பது பத்திரிகையின் கட்டற்ற உரிமை அல்ல. கைதி சம்மதிக்க வேண்டும் என்று பிரபா தத் வழக்கிலும், 1999இல் சாருலதா ஜோஷி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 20(3)ஆவது பிரிவு. போலீஸ் காவலில் இருக்கும்போது, மாஜிஸ்திரேட் முன்னிலையில் அல்லாமல் கொடுக்கும் ஒப்புதல் பொதுவாக ஆதாரமாகாது. பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் 23ஆவது பிரிவாக இருக்கிறது.

ஆனால் சிறை என்பது போலீஸ் காவல் அல்ல, நீதிமன்றக் காவல். அங்கே பத்திரிகையாளரிடம் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைக்கும் என்று எண்ணி விடாதீர்கள். "பேட்டிதானே" என்று பேசியது அரசுத் தரப்பின் காகிதமாகத் திரும்பி வரலாம். எழுத்தறிவு குறைந்த, வக்கீல் இல்லாத ஒரு பையனுக்கு இது தெரியுமா? தெரியாது. அதைச் சொல்லி விட்டுத்தான் பேட்டி எடுக்க வேண்டும் என்ற கடமை அந்தச் செய்தியாளருக்கு உண்டு.

பத்திரிகைத் துறையில் நுழைந்திருக்கும் நம் இளைஞர்களே! சிறைக்குப் போகிறீர்களா, அவருடைய வழக்கறிஞருக்குத் தெரிந்து போங்கள். போலீஸ்காரர் அறையில் இருந்தால் அதையும் செய்தியில் எழுதுங்கள். வழக்கின் சம்பவத்தைக் கிளறாதீர்கள். மற்றவரைக் குற்றமற்றவர் என்று அவர் சொல்லும் ஒரு வரியையும் வெட்டாதீர்கள். அந்த ஒரு வரியில் ஒரு கீலானியின் உயிர் இருக்கலாம்.

வியாபாரிகளே! தினமும் கடையில் பேப்பர் வாங்கிப் போடுகிறீர்கள். பெருநாளுக்கு விளம்பரமும் கொடுக்கிறீர்கள். கைதானவரின் "பரபரப்பு வாக்குமூலம்" வந்தால், இதை உங்களுக்குக் கொடுத்தது யார், அப்போது அறையில் இருந்தது யார் என்று ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள். பதில் வராவிட்டால் டெல்லியில் உள்ள பத்திரிகைக் கவுன்சிலுக்கு எழுதலாம். நாளிதழ், வார இதழ் என்றால் இரண்டு மாதத்துக்குள் எழுத வேண்டும். தொலைக்காட்சி அதன் வரம்பில் வராது என்பது வேறு விஷயம். குற்றம் சாட்டப்பட்டவர் நம் ஆளாக இல்லாத போதும் இந்தக் கடிதத்தை எழுதுங்கள். அப்போதுதான் நம் ஆளுக்காக எழுதும் கடிதத்துக்கு மரியாதை இருக்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கைதானால், முதலில் தேட வேண்டியவர் வக்கீல். மைக்கோடு வருபவர் எவ்வளவு அனுதாபமாகப் பேசினாலும், "என் வக்கீலைக் கேளுங்கள்" என்ற ஒரு வாக்கியத்துக்கு மேல் அவனும் பேச வேண்டாம், நீங்களும் பேச வேண்டாம். கைபேசியில் வரும் வாக்குமூலக் காட்சிகளை, யாருடையதாக இருந்தாலும், அடுத்தவருக்குத் தள்ளி விடாதீர்கள்.

காவல்துறை பத்திரிகைகளுக்குச் செய்தி தருவது பற்றி விரிவான வழிகாட்டி நெறிகளைத் தயாரிக்க வேண்டும் என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய உள்துறைக்கு உத்தரவிட்டது. அப்படிப்பட்ட நெறிகளில் நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. போலீஸ் காவலில் உள்ள எவரையும் கேமரா முன் உட்கார வைக்கக் கூடாது. சிறையில் பேட்டி என்றால் கைதியின் கையெழுத்தும் அவர் வழக்கறிஞரின் கையெழுத்தும் வேண்டும். யார் அனுமதி கொடுத்தார், யார் உடன் இருந்தார் என்று ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். நாளை எந்த அதிகாரியும் கூண்டில் ஏறி, "அப்படி ஒரு பேட்டி நடந்ததே எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாத படி.