சேர்ந்து ஆடினால் தனியாகவும் ஆடலாம்

சல்சா, லிண்டி ஹாப் மாதிரி ஜோடி நடனம் ஆடுகிறவர்கள் நடுவே ஒரு பழைய சண்டை உண்டு. "இது சோஷியல் டான்ஸ். பாட்டு போட்டதும் மனசுக்குத் தோன்றியதை ஆடணும். ஸ்டெப்பை மனப்பாடம் செய்து எல்லாரும் ஒரே மாதிரி ஆட, இதென்ன ஸ்கூல் ஆண்டுவிழாவா?" என்று ஒரு கோஷ்டி கேட்கும். நான் எதிர்க்கட்சி :-)

முதலில் கொஞ்சம் சரித்திரம். லிண்டி ஹாப் வளர்ந்த இடம் நியூயார்க் ஹார்லெமில் 1926-இல் திறந்த சவாய் பால்ரூம். அங்கே ஆடிப் பேர் வாங்கியவர் ஃப்ராங்கி மேனிங் (1914-2009). அந்த நொடியில் தோன்றியதை ஆடுவதில் மன்னர். பல ஜோடிகள் ஒரே அசைவைச் சேர்ந்து ஆடும் குழு நடனங்களை அமைத்தவரும் அவரேதான். 1941-இல் வந்த 'ஹெல்ஸாபாப்பின்' படத்தில் அவர் அமைத்த ஆட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஜோடியும் தன் பாணியில் ஆடிவிட்டு, கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஆடுவார்கள். இரண்டுக்கும் பகை என்று அவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். குழுவில் ஆடினால் என்ன லாபம்?

ஒன்று, தப்பு தெரியும். பார்ட்டியில் கால் தவறினால் ஒரு சிரிப்பு சிரித்துச் சமாளித்துவிடலாம். துணையும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அதே தப்பு வருஷக்கணக்கில் கூடவே வரும். எட்டுப் பேர் ஐந்தாவது எண்ணிக்கையில் வலது பக்கம் திரும்பும்போது நீங்கள் ஆறில் திரும்பினால் ஒளிய இடமில்லை. அக்கவுண்ட்ஸில் ஒரே மாதிரி கணக்கைப் பத்து தடவை போட்டவனுக்குத்தான் பரீட்சையில் புதுக் கணக்கு வந்தால் கை நடுங்காது. இங்கேயும் அதேதான். அடிப்படை காலில் ஊறிய பிறகுதான் காது பாட்டைக் கேட்கும்.

இரண்டு, தைரியம். ஜோடி நடனத்தில் கூச்சக்காரர்கள் படும் பாடு சொல்லி மாளாது. யாரும் ஆடக் கூப்பிடாமல், தானாகப் போய்க் கேட்கவும் துணியாமல், சுவரோரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நாலு வாரம் கழித்து வகுப்பையே நிறுத்திவிடுவார்கள். 'ஷிம் ஷாம்' இவர்களுக்கு வரப்பிரசாதம். 1920களில் டாப் நடனமாகப் பிறந்து, இன்று லிண்டி ஹாப் பார்ட்டிகளில் எல்லாரும் வரிசையாக நின்று ஆடுவது. துணை தேவையில்லை. பின் வரிசையில் நின்று முன்னால் இருப்பவரைப் பார்த்தே ஆடலாம்.

கியூபாவின் 'ருவேதா' இன்னும் ஒரு படி மேல். 1950களில் ஹவானாவில் உருவானது. ஜோடிகள் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் ஸ்டெப்பின் பெயரைக் கூவுவார், எல்லாரும் அதை ஆட வேண்டும். 'தாமே' என்றால் அடுத்த துணைக்கு மாற வேண்டும். ஸ்டெப் தெரிந்ததுதான், ஆனால் அடுத்து எது என்று தெரியாது. ஒரு சுற்று முடிவதற்குள் முன்பின் தெரியாத நாலைந்து பேரோடு ஆடிவிடுகிறோம். அப்புறம் கூச்சம் எங்கே?

எதிர்த் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மேடைக்குப் பழகியதை அப்படியே பார்ட்டிக்குக் கொண்டுவந்து, எதிரே இருப்பவர் என்ன செய்கிறார் என்றே பார்க்காமல் இழுத்துச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு ஆடுவது தண்டனை. அதனால் குழுப் பயிற்சி எத்தனை நாளோ, துணை மாற்றி மாற்றி ஆடுவதும் அத்தனை நாள் நடக்க வேண்டும்.

என் ஆதங்கம் வேறு. நிறைய வகுப்புகளில் நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்கும்போது ஏற்கெனவே நன்றாக ஆடுகிறவர்களைத்தான் எடுக்கிறார்கள். மேடை அழகாக இருக்கும், சரி. ஆனால் அந்தப் பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் கைதட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பார்கள். வருஷத்துக்கு ஒரு ஆட்டமாவது, சேர விரும்பும் எல்லாருக்கும் திறந்ததாக இருக்கட்டுமே. வரிசை கொஞ்சம் கோணலாக இருந்தால் குடிமுழுகிப் போய்விடாது. அடுத்த பார்ட்டியில் சுவரோரம் நிற்கிறவர்கள் நாலு பேர் குறைவார்கள்.