பள்ளிக்கூடத்துப் படிக்கட்டு எத்தனை அடி?

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு 2004-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதியை யாரும் ஞாபகப்படுத்தத் தேவை இல்லை. கல்யாண மண்டபத்து மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்தது. மாப்பிள்ளை உள்பட 50 பேருக்கு மேல் பலியானார்கள். இறங்கி ஓடுவதற்கு இருந்தது குறுகலான படிக்கட்டு.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதே ஆண்டு ஜூலை 16. கும்பகோணம் காசிராமன் தெரு. சமையல் கூடத்தில் பிடித்த தீ பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். அங்கேயும் குறுகலான படிக்கட்டுதான்.

அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளைப் பிரித்துப் போட்டார்கள். நல்ல காரியம். ஆனால் கீற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, படிக்கட்டை விடுதலை செய்துவிட்டார்கள்! தீ எதிலும் பிடிக்கலாம். ஒயரில் பிடிக்கும், பெஞ்சில் பிடிக்கும். வெளியே ஓட வழி இருந்தால் பிள்ளை பிழைக்கும்.

பள்ளிக்கூட மாடிப்படி குறைந்தது ஒன்றரை மீட்டர் அகலம் இருக்கவேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதி. அதாவது சுமார் 5 அடி. வெளியேறும் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கவேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவின் மேல் 50 பிள்ளைகள் ஒன்றாக வந்து மோதினால் என்ன ஆகும்? கதவு திறக்கவே திறக்காது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டுமா?

2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் பள்ளிகளின் தீ பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. சொல்லியாகிவிட்டது. அளந்து பார்த்தது யார்?

வெயிலும் ஒரு தீதான்

திருச்சி வெயிலைப் பற்றித் திருச்சிக்காரனிடம் சொல்லவேண்டாம். 104 டிகிரியைத் தாண்டுவது இங்கே வழக்கம். கான்கிரீட் தளம் காலையில் குடித்த வெயிலை மத்தியானத்துக்கு மேல் கீழே இறக்கும். மாடி வகுப்பில் மூன்றாவது பீரியடுக்கு மேல் கணக்கு எங்கே ஏறும்? தூக்கம்தான் ஏறும். மின்விசிறி சுற்றினாலும் அனல் காற்றுதான்.

இங்கேதான் ஆர்க்கிடெக்ட் என்று ஒருவர் வேண்டியிருக்கிறது. கட்டடம் விழாமல் நிற்க என்ஜினீயர் போதும். உள்ளே இருக்கிறவன் வாடாமல் இருக்க வரைபடம் போடத் தெரிந்தவர் வேண்டும். நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்த்து இருந்தால் சாயங்கால வெயில் நேரே வகுப்புக்குள் விழாது. எதிரும் புதிருமாக ஜன்னல் வைத்தால் காற்று ஓடும். வெளியே அகலமாக ஒரு தாழ்வாரம் போட்டால் சுவர் சுடாது. மழையில் பிள்ளைகள் நிற்கவும் இடம். தளத்துக்கு மேலே வெள்ளை அடிப்பதற்கு எத்தனை ரூபாய் ஆகிவிடும்? ஸ்ரீரங்கத்து வீதிகளில் பழைய வீடு கட்டிய கொத்தனாருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. முற்றமும் திண்ணையும் அழகுக்காக மட்டும் வைத்ததில்லை.

ஆப்பிரிக்காவில் பர்க்கினா பாசோ என்று ஒரு ஏழை நாடு. நம்மைவிடக் கொடுமையான வெயில். அங்கே காண்டோ கிராமத்தில் பிறந்த பிரான்சிஸ் கெரே, சின்ன வயதில் நூறு பிள்ளைகளோடு புழுங்கும் வகுப்பில் உட்கார்ந்து படித்தவர். ஜெர்மனிக்குத் தச்சு வேலை பழகப் போய், ஆர்க்கிடெக்ட் ஆகிவிட்டார். ஊருக்குத் திரும்பி 2001-ல் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். உள்ளூர் மண்ணில் செய்த கல். ஊர் ஜனங்களே கூடி வேலை செய்தார்கள். தகரக் கூரைதான். ஆனால் அதை நேரே வகுப்பின் தலையில் வைக்கவில்லை. ஒரு தளத்துக்கு மேலே, இடைவெளி விட்டுத் தூக்கி வைத்தார். அந்தச் சந்தில் காற்று ஓடி, சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது. ஏ.சி. கிடையாது. அந்த ஆர்க்கிடெக்டுக்கு 2022-ல் கட்டடக் கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசே கிடைத்தது.

நம் ஊரில் ஆள் இல்லையா? திருச்சி என்.ஐ.டி.யிலேயே கட்டடக்கலைத் துறை இருக்கிறது. அரசுப் பள்ளிகளைக் கட்டுகிறது பொதுப்பணித்துறை, ஊராட்சி ஒன்றியம், மாநகராட்சி. பல இடங்களில் ஒரே வரைபடம்தான். ஊட்டிக்கும் அதே, உறையூருக்கும் அதே என்றால் எப்படி?

ஸ்ரீரங்கம் இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கிற தீவு. 2005 நவம்பரில் திருச்சியில் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளம் வந்தால் ஜனங்களைக் கொண்டுபோய் வைப்பது எங்கே? பள்ளிக்கூடத்தில்! அந்தக் கட்டடத்தின் தரைமட்டம் தெருவைவிட எத்தனை அடி உயரம் என்று வரைகிறவர் யோசிக்கவேண்டாமா?

கட்டிய பிறகு?

நல்ல ஆர்க்கிடெக்ட் இரண்டு தடவை பள்ளிக்கூடத்துக்குப் போவார். கோடு போடுவதற்கு முன்னால் ஒரு தடவை. டீச்சர், சத்துணவு அம்மா, வாட்ச்மேன், பிள்ளைகள் எல்லாரையும் கேட்பார். கரும்பலகையில் வெளிச்சம் பளபளத்துக் கண் கூசுகிறதா, மதியம் எந்தப் பக்கம் நிழல், பெண் பிள்ளைகள் கழிப்பறைக்கு எந்த வழியாகப் போகப் பயப்படுகிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். குடிவந்து ஒரு வருஷம் கழித்து இன்னொரு தடவை போவார். நாம் போட்ட கணக்கு சரிதானா என்று பார்ப்பார். நம் ஊரில் ரிப்பன் வெட்டிய கத்திரிக்கோலோடு எல்லாரும் காரில் ஏறிவிடுகிறார்கள்.

2021 டிசம்பர் 17-ந் தேதி நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். 2023 பிப்ரவரியில் பேராசிரியர் அன்பழகன் பெயரில் புது வகுப்பறைத் திட்டம் தொடங்கியது. கட்டுகிறார்கள், சந்தோஷம். எப்படிக் கட்டுகிறார்கள் என்று பெற்றோர் கேட்கவேண்டும். கேட்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதே அந்தக் குழுவின் வேலை. பிஸ்கட் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்கு இல்லை.

அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஒரு அளவு டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகட்டும். தையற்கடைக்காரரிடம் இரவல் வாங்கினாலும் சரி. கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் மாடிப்படியை அளந்து, எத்தனை அடி என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லட்டும்.