தோட்டத்தைப் படிக்கும் படிப்பு

பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போகிறது என்றால் லயத்தில் முதலில் எழும் கேள்வி, "டாக்டருக்கா, லாயருக்கா?" என்பதுதான். இரண்டும் இல்லை என்றால் ஆசிரியர் வேலைக்கா என்று கேட்பார்கள். அதுவும் இல்லை, சமூகவியல் என்று சொன்னால் கேட்டவர் முகம் சுருங்கிவிடும். "அதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு? குழாயடியில் ஒரு மணி நேரம் நின்றால் சமூகம் முழுவதும் தெரிந்துவிடுமே!" என்று கேலி செய்வோரும் உண்டு. கேலியில் பாதி நியாயம் இருக்கிறது. குழாயடியும் ஒரு பள்ளிக்கூடந்தான். மற்றப் பாதியைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்திலும், மலாயாப் பல்கலைக்கழகத்திலும், பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்திலும் சமூகவியல் கற்பிக்கிறார்கள். அதில் ஒரு கிளை, நிறுவனங்களையும் பொருளாதாரத்தையும் ஆராய்வது. கம்பெனி, தொழிற்சாலை, அரசாங்க இலாகா, கூட்டுறவுச் சங்கம், தொழிற்சங்கம் ஆகியவை எப்படி நடக்கின்றன? உத்தரவு போடுகிறவர் யார்? கேட்டு நடப்பவர் ஏன் கேட்டு நடக்கிறார்? கூலி சந்தையில் தானாக விளைகிறது என்று சிலர் சொல்வார்கள். இந்தப் படிப்போ அந்தக் கூலியை எழுதிய கை யாருடையது, அந்தக் கைக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும்.

பால் நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். வெட்டு முடிந்து வாளியோடு வந்து நிற்கிறார் தொழிலாளி. கிராணி நிறுக்கிறார், மாதிரி எடுக்கிறார், நூற்றுக்கு இத்தனை பங்கு உலர்ந்த ரப்பர் என்று கணக்கு எழுதுகிறார். "ஐயா, நேற்று முப்பத்திரண்டு போட்டீர்கள், இன்று இருபத்தெட்டா?" என்று சண்டை தொடங்கும். (பல தோட்டங்களில் இப்போது மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலைத்தான் எடுக்கிறார்கள். அங்கே ஈரம் எவ்வளவு என்று சண்டை.) தொழிலாளி கிராணியைச் சந்தேகிக்கிறார், கிராணி தொழிலாளி தண்ணீர் கலந்தார் என்கிறார். இருவரும் ஒரே கம்பெனியின் சம்பளக்காரர்கள். கணக்குப் போடும் விதியை இருவரில் எவரும் எழுதவில்லை. எழுதியவர் அந்த இடத்திலேயே இல்லை. மேட்டில் துரை பங்களா, நடுவில் ஸ்டாப் குவாட்டர்ஸ், பள்ளத்தில் லயம் என்று வகுத்தது மண்ணின் சாய்வு அல்ல. தொழிலாளிக்கு ஒரு சங்கம், கிராணிக்கு வேறு சங்கம் என்று ஆனதும் தற்செயல் அல்ல. இவற்றையெல்லாம் ஒரு மாணவர் மூன்று ஆண்டு உட்கார்ந்து படித்தால் வீண் என்பதா?

மேக்ஸ் வேபர் என்ற ஜெர்மானிய அறிஞரின் பெயர் இந்தப் படிப்பில் தொடக்கத்திலேயே வரும். அவர் 1920-இல் காலமானார். அவருடைய பெரிய நூல் 1922-இல் வெளிவந்தது. அதன் பெயரே 'பொருளாதாரமும் சமுதாயமும்' என்பதுதான். ஆபீஸ் என்பது ஆளால் நடப்பதல்ல, விதியாலும் படிநிலையாலும் எழுதிவைத்த காகிதத்தாலும் நடப்பது என்று அவர் விளக்கினார். நமக்கு அது புதிதல்ல. துரை மாறுவார், செக்ரோல் மாறாது!

ஆனால் அதே வேபர் இளம் வயதில் செய்த வேலை ஒன்று நம்மவர் பலருக்குத் தெரியாது. 1892-இல் அவர் ஆராய்ந்தது எல்ப நதிக்குக் கிழக்கே இருந்த பெரும் பண்ணைகளின் கூலித் தொழிலாளரை. உள்ளூர் ஆட்கள் பண்ணையை விட்டு நகரத்துக்குப் போனார்கள். பண்ணை முதலாளிகள் போலந்துக்காரரைப் பருவ வேலைக்கு இறக்கினார்கள். குறைந்த கூலி, பருவம் முடிந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டும். படிக்கும்போது ஜெர்மனி மறந்து குளுவாங் பக்கம் ஞாபகத்துக்கு வருகிறது. 1938-இல் இந்திய அரசாங்கம் தடுக்கும்வரை கங்காணிமார் நம் பாட்டன்மாரை இறக்கியதும், இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வெட்டுக்கு வருவதும் ஒரே கணக்கின் வெவ்வேறு பக்கங்கள். வந்தவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. கணக்கைப் படிக்க வேண்டும்.

வேபர் ஆராய்ந்த அந்த விசாரணையில் கேள்வித்தாள் யாருக்கு அனுப்பப்பட்டது தெரியுமா? பண்ணை முதலாளிகளுக்கு! தொழிலாளி எப்படி வாழ்கிறார் என்று முதலாளியைக் கேட்டு எழுதினார்கள். அந்தக் குறை வேபருக்கே தெரிந்தது. அடுத்த விசாரணையில் கிராமத்துப் பாதிரிமாரைக் கேட்டார்கள். அப்போதும் தொழிலாளியை நேரே கேட்கவில்லை.

நம் நாட்டிலும் தோட்டத்தைப் பற்றி நல்ல ஆராய்ச்சிகள் உண்டு. ஜொகூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த பேராசிரியர் உங்கு அஜீஸ், 1951 முதல் 1960 வரை தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்ட கதையை ஆராய்ந்து எழுதினார். தோட்டம் துண்டானபோது வேலையும் வீடும் சேர்ந்து போனதை அன்றைய தொழிலாளர்கள் அனுபவித்தார்கள். அதை நாடு மறுக்க முடியாத கணக்காக்கியது பல்கலைக்கழகம். அந்தக் காலத்தில்தான், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்கினார். பிறகு இந்தியாவிலிருந்து வந்த ரவீந்திர ஜெயின் ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கியிருந்து, அதன் பெயரை மறைத்து, 1970-இல் புத்தகம் வெளியிட்டார். இருவரும் மதிக்கத் தக்கவர்கள். ஒருவர் அரச குடும்பம், மற்றவர் வெளிநாட்டார். லயத்தில் பிறந்தவர் எழுதிய புத்தகங்கள் எத்தனை?

முதலாளி யார் என்ற கேள்வியையும் இந்தப் படிப்பு விடாது. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரி கம்பெனி மலேசியர் கைக்கு வந்தது. ஜொகூரிலும் அதற்குத் தோட்டங்கள் இருந்தன. 2007-இல் அது சைம் டார்பியோடு இணைந்தது; 2024-இல் அந்தத் தோட்டக் கம்பெனிக்கே மறுபடி கத்ரி என்ற பெயர் சூட்டப்பட்டது. பெயர்ப்பலகை மாறும்போது பெரட்டில் என்ன மாறுகிறது, என்ன மாறுவதில்லை என்பதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டாமா?

வேலை தேடும் விஷயம் இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவில் கிரானோவெட்டர் என்பவர் 1973-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை அவர் விசாரித்தார். அடிக்கடி சந்திக்கும் நெருங்கியவர் மூலம் வேலை பெற்றவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது காணும் அரைகுறைப் பழக்கக்காரரே வழி காட்டினார்கள். காரணம் எளிது. நெருங்கியவருக்குத் தெரிந்த செய்தி நமக்கும் முன்பே தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கக்காரரோ வேறு உலகத்துச் செய்தி கொண்டுவருவார்.

இதைத் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். மாமன், மச்சான், சம்பந்தி, பங்காளி எல்லாரும் ஒரே லயம். சாவுக்கும் கல்யாணத்துக்கும் அதைப்போல உதவி வேறெங்கும் கிடைக்காது. ஆனால் ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டபோதும், நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும் அத்தனை பேரும் ஒரே மாதத்தில் வேலையிழந்தார்கள். பாசிர் கூடாங்கிலோ செனாயிலோ ஒரு தொழிற்சாலைச் சூப்பர்வைசரைத் தெரிந்தவர் லயத்தில் எத்தனை பேர்? "நம்மவர் முன்னேறத் துடிப்பில்லாதவர்" என்று மேடையில் பேசுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. துடிப்பு இருந்தது, வெளியே ஆள் இல்லை. கிரானோவெட்டர் விசாரித்தது உத்தியோகஸ்தர்களை. அது தோட்டத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை நம் பிள்ளை ஒருவர்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

இந்தப் படிப்பு சங்கத்தையும் சும்மா விடாது என்பதை மறைக்காமல் சொல்கிறோம். 1911-இல் ராபர்ட் மிக்கெல்ஸ் எழுதினார்: எந்த அமைப்பும் வளர வளர அதிகாரம் சிலர் கையில் உறைந்துவிடும், தொழிலாளர் கட்சியும் விலக்கல்ல என்று. இதற்குப் பதில்போல 1956-இல் லிப்செட்டும் அவருடைய தோழர்கள் இருவரும் அமெரிக்க அச்சுத் தொழிலாளர் சங்கத்தை ஆராய்ந்தார்கள். அந்தச் சங்கத்தில் இரண்டு அணிகள் தேர்தல்தோறும் மோதி, தோற்றவர் விலகி, வென்றவர் நடத்தி வந்தார்கள். எப்படி முடிந்தது? வேலை நேரத்துக்கு வெளியே அவர்களுக்குச் சொந்த மன்றங்களும் விளையாட்டுக் குழுக்களும் இருந்தன. புதிய தலைவர்கள் அங்கே பழகி வளர்ந்தார்கள் என்பது அவர்கள் கண்ட காரணங்களில் ஒன்று. நம் கோயில் கமிட்டியையும் பந்து மன்றத்தையும் மணிமன்றத்தையும் வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணும் கிளைத் தலைவர்கள் இதைக் கவனிப்பார்களாக. இன்னொன்று: லிப்செட்டின் தகப்பனாரே அந்தச் சங்கத்து அங்கத்தினர், அச்சுத் தொழிலாளி. தகப்பன் சந்தா கட்டிய சங்கத்தை மகன் ஆராய்ந்து நூல் எழுதினார்.

எம் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பெண்பிள்ளை எஸ்.டி.பி.எம். தேறிச் சமூகவியலுக்கு இடம் பெற்றிருக்கிறது. தகப்பனார் பால் வெட்டுகிறவர். "படித்துவிட்டு வீட்டில் உட்காரவா, ஐயா?" என்று நம்மிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறோம். அண்ணே, இது டாக்டர் சம்பளம் தரும் படிப்பு அல்ல. கம்பெனிகளின் மனிதவளப் பிரிவு, தொழிலாளர் இலாகா, கூட்டுறவு, ஆராய்ச்சி என்று வழிகள் உண்டு. எதுவும் வாசலில் வந்து காத்திருக்காது. பி.டி.பி.டி.என். கடன் எடுத்தால் திருப்பிக் கட்ட வேண்டும். இத்தனையும் தெரிந்தே அனுப்புங்கள். கம்பெனியின் வரவுசெலவு அறிக்கையைப் படித்து, சம்பளப் பேச்சில் நம் பக்கம் உட்கார்ந்து, "இந்தக் கணக்கு இப்படி வந்த காரணம் இது" என்று சொல்லக்கூடிய ஆள் நம்மில் குறைவு. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அந்தத் தொகை ஒரு தோட்டத்தில் எந்த வேலையளவோடு, எந்தக் கழிவோடு கைக்கு வருகிறது என்று விசாரிக்கப் படித்த கண் வேண்டும்.

செலவுக்கு என்ன வழி? 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது சாதாரணத் தொழிலாளரும் தங்கள் காசைக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளையின் பதிவுக் கட்டணத்தையும் முதல் பருவத்துப் பஸ் செலவையும் நம் கிளைகள் பகிர்ந்து ஏற்பது முடியாத காரியமல்ல. அடுத்த கூட்டத்தில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறோம். எதிர்ப்பவர்கள் கூட்டத்துக்கு வந்து எதிர்க்கட்டும்.

இன்னொரு காரியம் காசில்லாமலே செய்யலாம். தோட்டம் கைமாறும்போதும் லயம் இடிக்கும்போதும் பழைய காகிதங்களைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். நிர்வாகத்தின் புத்தகத்தைத் தூக்கிவரச் சொல்லவில்லை. சங்கக் கிளையின் பழைய நிகழ்ச்சிக் குறிப்பேடு, சந்தா ரசீது, உங்கள் தாத்தாவின் சம்பளச் சீட்டு, வேலைநிறுத்த நோட்டீஸ் ஆகியவை உங்களுக்குச் சொந்தம். நாளை ஆராய வரும் பிள்ளைக்கு அவைதான் சாட்சி. கரையான் அரிக்காத தகரப் பெட்டியில் வையுங்கள். அல்லது தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, கிளைக் காரியதரிசியிடம் ஒப்படையுங்கள்.