கை வேணும், ஆள் வேணாம்

"அமெரிக்காவுல டிரம்ப் ஆளுங்களுக்குள்ளயே அடிதடியாமே தோழர், எந்தக் கோஷ்டி ஜெயிச்சா நமக்கு நல்லது?" என்று கேட்டார் நண்பர். அவர் தம்பி டெக்ஸாஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறான். வேலை போனால் 60 நாளுக்குள் வேறு முதலாளியைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். அண்ணன்காரருக்குக் கவலை வராமல் என்ன செய்யும்? ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு கோளாறு இருக்கிறது. இரண்டு கோஷ்டியில் ஏதோ ஒன்று உழைக்கிறவன் பக்கம் நிற்பதாக நாம் நம்பிக்கொள்கிறோம். ரெண்டுமே நிற்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சண்டை என்னவென்று பார்த்துவிடுவோம். 2024 டிசம்பர் கடைசி. டிரம்ப் தேர்தலில் ஜெயித்துவிட்டார், இன்னும் பதவியேற்கவில்லை. சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனைச் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஆலோசகர் என்று அறிவித்தார். டிரம்பின் தீவிர விசுவாசியான லாரா லூமர் உடனே எதிர்ப்பைக் கிளப்பினார். இந்தியர்களை எதிர்த்துக் கூச்சல் எழுந்தது. எலான் மஸ்க் எச்-1பி விசாவுக்கு வக்காலத்து வாங்கினார். விவேக் ராமசாமியும் சேர்ந்துகொண்டார். இவர் ஒகையோவில் பிறந்தவர், பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்துப் பிள்ளை. அமெரிக்கக் கலாச்சாரம் கணக்கில் புலியான பிள்ளையை விட்டுவிட்டு அழகு ராணியைக் கொண்டாடுகிறது, அதனால்தான் கம்பெனிகள் வெளியே ஆள் தேடுகின்றன என்று எழுதினார். வந்தது வினை. ஸ்டீவ் பேனன் போன்ற பழைய தளபதிகள் அந்த விசாவே மோசடி என்று பாய்ந்தார்கள். டிரம்ப் என்ன சொன்னார்? அந்த விசா எனக்குப் பிடிக்கும் என்று பத்திரிகைக்குச் சொன்னார்.

ஒன்பது மாதம் கூட ஆகவில்லை. 2025 செப்டம்பர் 19 அன்று அதே டிரம்ப், புதிய எச்-1பி மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று உத்தரவு போட்டார். அதே நாளில் இன்னொரு உத்தரவும் போட்டார்: 10 லட்சம் டாலர் கொடுக்கிறவனுக்குத் 'தங்க அட்டை', நிரந்தரமாகத் தங்க வழி. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லைச் சுவரில் கதவு இல்லை என்று யார் சொன்னது? கதவு இருக்கிறது, சில்லறை இருந்தால் திறக்கும்.

இது நேற்று முளைத்த சண்டை இல்லை. குடியரசுக் கட்சிக்குள் காசுக் கோஷ்டி ஒன்று, ரத்தக் கோஷ்டி ஒன்று என்று ரொம்ப காலமாகவே இருக்கிறது. 1984இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் தலையங்கம் எழுதி, எல்லைகளைத் திறந்துவிட அரசியல் சட்டத்தையே திருத்து என்றது. பெருமுதலாளிகளின் பத்திரிகைக்கு அப்படி என்ன மனித நேயம்? கூலி மலிவாகக் கிடைக்கும் என்பதுதான். 1992இல் பாட் புக்கானன் சொந்தக் கட்சி ஜனாதிபதியான மூத்த புஷ்ஷையே எதிர்த்து நின்றார். எல்லையில் தடுப்பு கட்டு, அந்நியச் சரக்கைத் தடு என்றார். டிரம்ப் செய்த வித்தை ரெண்டு கோஷ்டியையும் ஒரே பந்தலில் உட்கார வைத்தது. பேச்சு ரத்தக் கோஷ்டிக்கு, பட்ஜெட் காசுக் கோஷ்டிக்கு.

இந்தக் கூச்சலில் நான் ஒருத்தனைத் தேடினேன். வயலில் குனிந்து லெட்டூஸ் கீரை அறுக்கிறவனை. கோழி ஆலையில் நாள் முழுக்க நின்று கறி வெட்டுகிறவளை. அமெரிக்காவில் பயிர் வேலை செய்கிற கூலிகளில் பத்தில் நாலு பேருக்குக் காகிதம் கிடையாது. ரெண்டு கோஷ்டியும் மூச்சுக்கு மூச்சு இவர்களைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் இவர்களுக்கு என்ன உரிமை என்று கேட்டால் ரெண்டும் கப்சிப்.

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் இந்த மௌனத்துக்கு வயசு தெரியும். 1935இல் சங்கம் சேரும் உரிமைக்குச் சட்டம் வந்தது. 1938இல் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வந்தது. ரெண்டிலும் விவசாயக் கூலியையும் வீட்டு வேலைக்காரியையும் வெளியே நிறுத்தினார்கள். தெற்கு மாநிலங்களில் அன்றைக்கு அந்த வேலையெல்லாம் கறுப்பு மக்கள் தலையில்தான் இருந்தது. அவர்கள் உழைப்பில் வாழ்ந்த வெள்ளை ஆண்டைகள் ஒத்துக்கொள்வார்களா? குறைந்தபட்சக் கூலி வயலுக்கு வர 1966 ஆனது. சங்க உரிமையை அந்த 1935 சட்டம் இன்றைக்கும் வயல் கூலிக்குத் தரவில்லை.

பிறகு 1942இல் மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கினார்கள். 1964 வரை நடந்தது, 40 லட்சத்துக்கும் மேல் ஒப்பந்தம். அதற்குப் பேர் பிரசேரோ திட்டம். ஸ்பானிஷில் 'பிராசோ' என்றால் கை. பேரே 'கைக்காரன்' என்றுதான்! மனுசன் என்று இல்லை. அந்தத் திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே 1954இல் மெக்சிகோக்காரர்களை லாரியிலும் ரயிலிலும் அள்ளிக்கொண்டுபோய் எல்லைக்கு அப்பால் கொட்டினார்கள். ஒரு கதவு வழியாக இழுத்தார்கள், இன்னொரு கதவு வழியாகத் தள்ளினார்கள். இழுக்கிறதும் தள்ளுகிறதும் ஒரே ஆட்டத்தின் ரெண்டு காய்கள். எப்போது வேண்டுமானாலும் தள்ளப்படலாம் என்கிற பயம் இருந்தால்தான் இழுத்து வந்தவன் கூலி கூடக் கேட்காமல் குனிவான்.

அவன் பறித்த கீரை தட்டுக்கு வரலாம், அவன் ஊருக்குள் வரக்கூடாது. இந்தக் கணக்கை இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டுமா என்ன?

1986இல் ரீகன் காலத்துச் சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்குக் காகிதம் கொடுத்தது. காகிதமில்லாதவரை 'தெரிந்தே' வேலைக்கு வைத்தால் முதலாளிக்குத் தண்டனை என்றும் சொன்னது. அந்தத் 'தெரிந்தே' என்கிற ஒரு வார்த்தை போதாதா? எனக்குத் தெரியாதுங்க என்று முதலாளி கையை விரித்தால் முடிந்தது. 2019 ஆகஸ்ட் 7 அன்று மிசிசிப்பியில் கோழி ஆலைகளில் புகுந்து ஒரே நாளில் 680 பேரைப் பிடித்தார்கள். பள்ளிக்கூடம் விட்டுவந்த பிள்ளைகள் அப்பன் ஆத்தாள் இல்லாமல் அழுததை உலகமே பார்த்தது. முதலாளி பக்கம்? ஒரு வருசம் கழித்து நாலு மேலாளர்கள் மேல் வழக்கு. 680க்கு 4.

2025க்கு வருவோம். நாளைக்கு 3,000 பேரைப் பிடிக்க வேண்டும் என்று வெள்ளை மாளிகையின் ஸ்டீபன் மில்லர் இலக்கு வைத்தார். ஜூன் 12 அன்று டிரம்ப், பண்ணைக்காரர்களும் ஓட்டல்காரர்களும் நல்ல வேலைக்காரர்களை இழக்கிறோம் என்று அழுகிறார்கள் என எழுதினார். பண்ணை, ஓட்டல் சோதனை நின்றது. சில நாளிலேயே மறுபடி தொடங்கியது. அதாவது காசுக் கோஷ்டி கூப்பிட்டால் நிற்கும், ரத்தக் கோஷ்டி கத்தினால் ஓடும். அந்தச் சில நாளில் வயலுக்குப் போவதா பதுங்குவதா என்று தவித்த குடும்பங்களை யாராவது கேட்டார்களா?

ஜூலை 8 அன்று விவசாய அமைச்சர் புரூக் ரோலின்ஸ் பேசியதைக் கேளுங்கள். பொது மன்னிப்பு கிடையாது என்றார். ஆளுக்கு எங்கே போவது? மெடிக்கெய்டு வாங்குகிறவர்களில் உடம்பு திடமான 3 கோடியே 40 லட்சம் பேர் இருக்கிறார்களே என்றார். மெடிக்கெய்டு என்பது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. டிரம்புக்கு ஓட்டுப் போட்ட வெள்ளை ஏழைகளில் எத்தனையோ பேர் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். உன் வேலையை மெக்சிகோக்காரன் பறித்துவிட்டான் என்று சொல்லி ஓட்டு வாங்கினார்கள். வாங்கியதும், போ, போய் அவன் விட்ட இடத்தில் நீ குனி என்கிறார்கள்.

அதற்கு நாலு நாள் முன்னால், ஜூலை 4 அன்றுதான், டிரம்ப் பெரிய வரிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். பணக்காரனுக்கு வரிச் சலுகை நீண்டது. மெடிக்கெய்டில் வெட்டு. வேலை செய்யும் வயசுள்ள பலர் மாதம் 80 மணி நேரம் வேலைக் கணக்குக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை. 2034க்குள் சுமார் 1 கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இழப்பார்கள் என்பது நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் போட்ட கணக்கு. மெடிக்கெய்டில் நம்ம ஆளுங்களே நிறைய இருக்காங்க, ஜாக்கிரதை என்று பேனன் முன்கூட்டியே எச்சரித்தார். மிசௌரி செனட்டர் ஜோஷ் ஹாலி இந்த வெட்டு தர்மம் இல்லை என்று கட்டுரையே எழுதினார். ஓட்டெடுப்பு வந்தது. ஹாலி ஆதரித்துக் கையைத் தூக்கினார். ரத்தக் கோஷ்டியின் ஏழைப்பாசம் எவ்வளவு தூரம் போகும் என்று அந்தக் கை காட்டிக்கொடுத்தது.

தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009இல் வைத்தது, 2025 முடியும்வரை ஒரு காசு ஏறவில்லை. வந்தேறிகளால்தான் கூலி குறைகிறது என்று கத்துகிற கட்சிக்கு, கூலியைச் சட்டம் போட்டு ஏற்றும் வழி தெரியாதா? ஹாலியே 15 டாலராக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். அவர் கட்சித் தலைமை அதை நகர்த்தவில்லை. அதற்குப் பதிலாக என்ன நடந்தது? 2025 அக்டோபரில் தொழிலாளர் துறை ஒரு விதி போட்டது. எச்-2ஏ என்னும் விவசாய விசாவில் வருகிற கூலிகளுக்குத் தர வேண்டிய அடிப்படைக் கூலியைக் குறைத்தது. வருகிற ஆள் குறைந்துவிட்டதால் உணவுத் தட்டுப்பாடு வரலாம் என்று அந்த விதிக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். பிடித்து விரட்டினார்கள், ஆள் குறைந்தது. ஆள் குறைந்தால் கூலி ஏற வேண்டும், அதுதானே அவர்கள் சொன்ன பொருளாதாரம்? ஏறவிடவில்லை. ரெண்டு கோஷ்டிக்கும் நடுவில் கிடைத்த சமரசம் இதுதான்: ரத்தக் கோஷ்டிக்கு விலங்கு போட்ட படம், காசுக் கோஷ்டிக்கு மலிவுக் கூலி.

அப்புறம் ஏன் வெள்ளை ஏழை கை தட்டுகிறான்? டு போய்ஸ் என்கிற கறுப்பு அறிஞர் 1935லேயே இதற்கு விடை எழுதினார். வெள்ளைத் தொழிலாளிக்குக் காசாகக் கிடைக்கிற கூலி குறைவு, ஆனால் தோலுக்கு ஒரு கூலி கிடைக்கிறது, அது மனசை நிரப்புகிறது என்றார். தனக்குக் கீழே ஒருத்தன் இருக்கிறான் என்கிற நினைப்புதான் அந்தக் கூலி. அதை வைத்து மருந்து வாங்க முடியாது.

வெள்ளைத் தொழிலாளியின் பயம் முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. இறைச்சி ஆலைகளில் 1970களில் நல்ல கூலி இருந்தது. 1980களில் சங்கத்தை உடைத்தார்கள், கூலியை வெட்டினார்கள். பிறகுதான் குடியேறிகளைக் கூட்டம் கூட்டமாகக் கூட்டிவந்தார்கள். இந்த வரிசை முக்கியம் தோழர்களே. முதலில் சங்கம் உடைந்தது. உடைத்தவனை விட்டுவிட்டு, உடைந்த இடத்துக்கு வந்தவனை அடிப்பது யாருக்கு லாபம்?

படித்துப் போன நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராமசாமியின் 'தகுதி' பேச்சை நாம் மண்டல் காலத்திலேயே கேட்டாயிற்று. இடஒதுக்கீட்டுக்கு எதிராக எடுத்த அதே சாட்டைதான். அந்தத் தகுதியைக் காட்டிய மறுநாளே, நீ வெள்ளைக்காரன் இல்லை என்று முகத்தில் அறைந்தார்கள். இதுவும் பழசு. 1923இல் பகத் சிங் திண்ட் என்கிற பஞ்சாபி, நான் உயர்சாதி, ஆரிய ரத்தம், ஆகவே வெள்ளையன், குடியுரிமை கொடு என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். சாதாரண மனிதன் உன்னை வெள்ளையன் என்று ஒத்துக்கொள்ள மாட்டான் என்று கோர்ட் தள்ளிவிட்டது. சாதியைக் காட்டி நிறத்துக்குள் நுழையப் பார்த்தார், கதவு சாத்திக்கொண்டது. எல்லாக் கறுப்பு, பழுப்பு மக்களோடும் சேர்ந்து கதவை உடைப்போம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

தோன்றியவர்கள் இருந்தார்கள். கலிபோர்னியாவில் டெலானோ என்ற ஊர். பிலிப்பைன்ஸ்காரன் வேலைநிறுத்தம் செய்தால் மெக்சிகோக்காரனை இறக்குவது, மெக்சிகோக்காரன் செய்தால் பிலிப்பைன்ஸ்காரனை இறக்குவது என்பது பண்ணை முதலாளிகளின் வாடிக்கை. 1965 செப்டம்பர் 8 அன்று லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பைன்ஸ் கூலிகள் திராட்சைத் தோட்டத்தைவிட்டு வெளியேறினார்கள். இந்தத் தடவை மெக்சிகோ கூலிகள் உடைக்கப் போகவில்லை. சீசர் சாவேஸ் சங்கத்தோடு கூடவே வந்து நின்றார்கள். அஞ்சு வருசம் இழுத்து 1970இல் முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதே சங்கம் 1974இல் காகிதமில்லாதவர்களைக் காட்டிக்கொடுக்கிற தப்பையும் செய்தது. பிறகு மாறியது. பட்டுத்தான் கற்றார்கள்.

நண்பருக்கு இப்போது பதில் சொல்கிறேன். எந்தக் கோஷ்டி என்று கேட்காதீர்கள், மூணு கேள்வி கேளுங்கள். முதலாளியை விட்டு விலகினாலும் நாட்டில் இருக்க விடுவாயா? சங்கம் சேர விடுவாயா? ஏமாற்றிய முதலாளியை உள்ளே போடுவாயா? மூணுக்கும் ரெண்டு கோஷ்டியும் வாய் திறக்காது. உங்கள் தம்பி ஏசி அறையில் இருக்கிறான், லெட்டூஸ் அறுக்கிறவன் வெயிலில் இருக்கிறான். தம்பியைக் கட்டின கயிறு கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். முளைக்குச்சி ஒண்ணுதான்.