லைட்ஹவுஸா? எந்த லைட்ஹவுஸ்?

நீங்கள் எஃப்.எம். கேட்பவரா? அப்படியென்றால் இந்த வாரம் உங்களோடுதான் எனக்குச் சண்டை.

சண்டையை ஆரம்பித்து வைத்தவர் பழவேற்காட்டில் நான் சந்தித்த ஒரு கல்லூரி மாணவி. ஊர் லைட்ஹவுஸ் குப்பம். அப்பா மீனவர். டீக்கடை ரேடியோவில் ஏதோ போட்டி அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. "நான்கூட ஒரு தடவை ஆன் ஏர் போயிருக்கேன் சார்" என்றார்.

அவர் கலந்துகொண்டதும் ஒரு சென்னை எஃப்.எம். நிலையத்தின் போட்டிதான். சுலபமான சினிமா கேள்வி. ஒன்பதாவதாக லைன் கிடைப்பவர் பதில் சொன்னால் அடுத்த சுற்று. அதிலும் ஜெயித்தால் சிங்கப்பூருக்கு இலவச டிரிப், அங்கே நட்சத்திரக் கலைவிழாவில் முன்வரிசை சீட், முடிந்ததும் நட்சத்திரங்களோடு போட்டோ. பல நாள் முயற்சிக்குப் பிறகு இவருக்கு லைன் கிடைத்தது.

"எங்கேருந்து பேசுறீங்க?"

"லைட்ஹவுஸ் குப்பம்."

"லைட்ஹவுஸா? எந்த லைட்ஹவுஸ்? நம்ம மெரினாவா?"

"இல்லீங்க, பழவேற்காடு."

"அட, சூப்பர்! மீன் குழம்பு வெச்சா எனக்கும் ஒரு பார்சல் அனுப்புங்க. சரி, உங்களுக்குப் பிடிச்ச ஹீரோ யாரு?"

ஹீரோ பெயரைச் சொன்னார். பதிலையும் சரியாகச் சொன்னார். கைதட்டல் சத்தம் வந்தது. அடுத்த சுற்றுக்குக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். கூப்பிடவே இல்லை.

"சிங்கப்பூர் ஆசை இருந்துச்சு சார், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த வாரம் முகத்துவாரம் மண்ணு மூடிக் கெடந்துச்சு. அப்பாவால போட்டை வெளியே எடுக்கவே முடியல. ரேடியோவுல பேசுறப்ப அதையும் ரெண்டு வார்த்தை சொல்லிடலாம்னு இருந்தேன். கேக்கவே இல்ல."

முகத்துவாரம் என்றால் ஏரியும் கடலும் சேரும் வாய். அது மண்ணால் அடைபட்டால் படகுகள் கடலுக்குப் போக முடியாது. கடல்நீர் உள்ளே வராது. கடலிலிருந்து ஏரிக்குள் வந்து வளர வேண்டிய இறால் குஞ்சும் வராது. பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களுக்கு அது உலை வைக்கிற விஷயம். நாற்பது விநாடி ஒலிபரப்பில் அதற்கு இடமில்லை. மீன் குழம்புக்கு இடம் இருந்தது.

"என்ன சார், ஜாலியா ஒரு போட்டி வெச்சா அதுலயும் குத்தமா?" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ஜாலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குப்பத்துப் பெண் விமானம் ஏறி, பிடித்த நடிகர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டால் எனக்கும் சந்தோஷம்தான். ஆசைப்பட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஆசையை வைத்துக் கடை நடத்துகிறவர்கள் மேல்தான் கோபம்.

கடை எப்படி நடக்கிறது? ஒரு முறை இந்தக் கணக்கு வழக்கு மன்றம் வரை போனது. அது ரேடியோ அல்ல, டி.வி. 2007-ல் ஷாருக்கான் நடத்திய ‘கோன் பனேகா குரோர்பதி’யில் பார்வையாளர்களுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். போட்டி. சாதாரண எஸ்.எம்.எஸ். ஒரு ரூபாய். போட்டிக்கு அனுப்பினால் 2 ரூபாய் 40 காசு. வந்தவை சுமார் 5 கோடியே 80 லட்சம். பெருக்கிப் பாருங்கள், 13 கோடியே 92 லட்சம் ரூபாய். பரிசு? ஒரு நாளைக்கு 2 லட்சம் வீதம் 52 நாளுக்கு 1 கோடியே 4 லட்சம். நம்மிடம் வாங்கிய காசிலிருந்தே நமக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லி, தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் ஸ்டார் இந்தியாவுக்கும் ஏர்டெல்லுக்கும் சேர்த்து ஒரு கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பரிசுப் பணம் எஸ்.எம்.எஸ். காசிலிருந்து வந்ததற்கு ஆதாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் அதை ரத்து செய்துவிட்டது. சட்டப்படி அது முடிந்த கதை. நான் யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெருக்கல் கணக்கை எந்த நீதிமன்றமும் ரத்து செய்ய முடியாது. பரிசு வாங்குபவர் சிலர். அனுப்புபவர்கள் கோடிக்கணக்கில்.

இப்போது எஸ்.எம்.எஸ். போய்விட்டது. இன்ஸ்டாகிராமில் ஃபாலோ பண்ணு, ரீல்ஸ் போட்டு டேக் பண்ணு, நாலு ஃபிரெண்டுக்கு ஷேர் பண்ணு என்கிறார்கள். காசுக்குப் பதிலாக உங்கள் நேரமும் போன் நம்பரும். சம்பளம் இல்லாத விளம்பர ஏஜென்ட் வேலை அது. லக்கி காலர் என்று அதற்கு ஒரு பட்டம் வேறு.

நேயரைப் பொம்மையாகப் பார்த்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2007 ஜனவரி, கலிஃபோர்னியா மாநிலத்தின் சாக்ரமெண்டோ நகரம். ஒரு எஃப்.எம். நிலையம் போட்டி வைத்தது. கழிப்பறைக்குப் போகாமல் அதிகத் தண்ணீர் குடிப்பவருக்கு வீடியோ கேம் கருவி பரிசு. இது ஆபத்து என்று நேயர் ஒருவர் நிலையத்துக்கே போன் செய்து எச்சரித்தார். தொகுப்பாளர்கள் சிரித்தார்கள். குழந்தைகளுக்காக அந்தப் பரிசை ஜெயிக்க வந்த 28 வயதுப் பெண், மூன்று பிள்ளைகளின் தாய், அன்றே இறந்துபோனார். 2009-ல் ஜூரி விதித்த இழப்பீடு ஒரு கோடியே 65 லட்சம் டாலருக்கும் மேல். நம் ஊர் போட்டிகள் அவ்வளவு மோசமில்லை, உண்மைதான். ஆனால் எச்சரிக்க வந்த குரலையும் காமெடியாக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறதே, மீன் குழம்பு பார்சலும் அதற்குத் தம்பிதான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். இந்த அலைவரிசை யாருடையது? நிலையத்துக்குச் சொந்தமா? இல்லை. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் மேற்கு வங்க கிரிக்கெட் சங்க வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிலையங்கள் வைத்திருப்பது லைசென்ஸ் மட்டும்தான். நிலத்துக்குப் பட்டா கிடையாது, குத்தகைதான் என்பது மாதிரி. அந்த நிலத்தில் லைட்ஹவுஸ் குப்பத்துக்கும் பங்கு உண்டு.

"நாங்க செய்தி சொல்லக் கூடாது சார், ரூல்ஸ் அப்படி" என்று எஃப்.எம். நண்பர்கள் சொல்வார்கள். பாதிதான் உண்மை. தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை என்பது சரி. அது தவறான விதி என்பதும் என் கருத்து. ஆனால் அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே போடலாம். அதோடு வானிலை, இயற்கைச் சீற்றம், குடிநீர், மின்சாரம், சுகாதார எச்சரிக்கை பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்புகளைச் சொல்லலாம். அவை செய்தி ஆகாது என்று 2011 விதிகளிலேயே இருக்கிறது. முகத்துவாரம் அடைந்திருக்கிறது, இன்று கடலுக்குப் போகாதீர்கள் என்று மீன்வளத்துறை தரும் அறிவிப்பை வாசிப்பதை எந்தச் சட்டம் தடுக்கிறது?

பக்கத்திலேயே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போகாதே என்பார்கள். ராக்கெட் போவதை நாடே கைதட்டிப் பார்க்கிறது. அன்று வலை நனையாத வீட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மீனவருக்கு ரேடியோ பொழுதுபோக்கு மட்டும் இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவில் நிலம் நடுங்கி, அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. கரையில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை வரவில்லை. ஆனால் புதுச்சேரி பக்கம் நல்லவாடு என்ற மீனவ கிராமம் தப்பித்தது. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர் இளைஞர் போன் செய்து சொல்ல, ஊர் தகவல் மையத்தில் இருந்த ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த அந்தப் போன்காலுக்கு ஈடாக எந்த சிங்கப்பூர் டிரிப்பைச் சொல்வீர்கள்? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல். எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பவில்லை. செல்போன் டவர் எட்டாத இடம் அது.

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் யார் எப்போது வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று உனக்கு, நாளைக்கு எனக்கு. அதிலும் ஓட்டை இருக்கிறது. பட்டினவர் சமூகத்து ஆண்களுக்குத்தான் அந்த உரிமை. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குப் பாடு கிடையாது. ஆனாலும் பொதுச்சொத்தை முறை வைத்து அனுபவிக்க வேண்டும் என்ற அடிப்படை அதில் இருக்கிறது. ஒன்பதாவது ஆளுக்கு எல்லாம், மற்றவர்களுக்கு ‘பெட்டர் லக் நெக்ஸ்ட் டைம்’ என்று ஏரியில் சொன்னால் கலவரம் வரும். வானத்தில் சொன்னால் நாம் கை தட்டுகிறோம்.

வேறு மாதிரி ரேடியோ நடத்த முடியாதா? முடியும். பாம்பனில் 2016 முதல் ‘கடல் ஓசை’ 90.4 என்று மீனவர்களுக்கான சமுதாய வானொலி வந்தது. மீனவக் குடும்பத்தினரே மைக் பிடித்தார்கள். காற்றும் கடலும் மீன் விலையும்தான் அங்கே சூப்பர் ஸ்டார். தொண்டு நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு 2006-லேயே கதவு திறந்துவிட்டது.

எனவே எஃப்.எம். முதலாளிகளுக்கு மூன்று கோரிக்கைகள்.

ஒன்று: ஒவ்வொரு போட்டி முடிந்ததும் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், வென்றவர் எப்படித் தேர்வானார் என்று ஆன் ஏரிலேயே சொல்லுங்கள்.

இரண்டு: படகு கிளம்பும் விடியற்காலையில் ஐந்து நிமிடம் கடல் வானிலைக்குக் கொடுங்கள். விளம்பரம் வேண்டுமானால் நடுவில் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று: டிரிப்பைத் திருப்பிப் போடுங்கள். நேயரை நட்சத்திரத்திடம் அழைத்துப்போனது போதும். ஒரு நாள் நட்சத்திரத்தைப் பழவேற்காட்டுக்கு அழைத்து வாருங்கள். விடிவதற்கு முன் படகில் ஏற்றுங்கள். முகத்துவாரத்தில் தரை தட்டும்போது மைக்கை அவரிடம் கொடுங்கள். லைட்ஹவுஸ் எந்த லைட்ஹவுஸ் என்று அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை போன் போட்டு லைன் கிடைத்தால், "எங்கேருந்து பேசுறீங்க?" என்று கேட்பார்கள் இல்லையா? தெருப் பெயரோடு நிறுத்தாதீர்கள். அந்தத் தெருவில் எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பத்து விநாடி போதும். லைனைக் கட் பண்ணுவார்கள். பரவாயில்லை, பின்னாலேயே இன்னொருவர் போன் போட்டு அதையே சொல்லட்டும். எத்தனை பேரைக் கட் பண்ணுவார்கள், பார்த்துவிடலாம்.