மனநோய்க்குச் செலவழிப்பது நட்டக் கணக்கா?

வியாபாரிகளாகிய நமக்கு ஒரு பழக்கம் உண்டு. கடையில் மின்விசிறி நின்றால் அன்றைக்கே ஆள் பிடிக்கிறோம். லொறியில் ஒரு சத்தம் கேட்டால் கராஜுக்கு அனுப்புகிறோம். நெஞ்சு வலித்தால் கடன்பட்டாவது கொழும்புக்கு ஓடுகிறோம். மனம் பழுதானால் மட்டும் "தானாகச் சரிவரும்" என்று மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விட்டு வைக்கிறோம். யாராவது வைத்தியரிடம் போகச் சொன்னால், "உட்கார்ந்து பேசுவதற்கெல்லாம் காசு கொடுப்பதா?" என்று கேட்கிறோம்.

இந்தக் கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்லவே இதனை எழுதுகிறேன். கணக்கு வேறு யாருடையதும் அல்ல, என்னுடைய குடும்பத்தினுடையதுதான். தம்பியிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க காக்கா, நாலு பேருக்காவது பிரயோசனப்படட்டும்" என்றார்.

வராத தம்பி

வாப்பா விட்டுச் சென்ற புடவைக் கடையை நானும் என் இளைய தம்பியும் இருபது வருடங்களுக்கு மேலாகச் சேர்ந்து நடத்துகிறோம். கொள்முதல் அவர் பொறுப்பு, கணக்கு என் பொறுப்பு. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதலுக்குப் பின்னர் காத்தான்குடி என்ற பெயரைக் கேட்டாலே வெளியூர் வாடிக்கையாளர்கள் ஒதுங்கிய காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செய்தவர்கள் ஒரு சிலர், பழி சுமந்தது முழு ஊர். அதிலிருந்து எழும்புவதற்குள் 2020இல் கொரோனா முடக்கம் வந்தது. அதன் பிறகு 2022. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. கடனுக்குக் கொடுத்த சாமானின் காசு கைக்கு வந்தபோது, அந்தக் காசுக்கு அதே சாமானில் பாதியளவு வாங்குவதே கஷ்டமாயிருந்தது.

இத்தனையையும் சிரித்த முகத்தோடு தாங்கிய தம்பி, 2022 ஜூலையில் ஒரு நாள் கடைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. இரவு முழுக்கத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று அவருடைய மனைவி சொன்னார். ரெலிபோன் மணி அடித்தால் போதும், செக் திரும்பிவிட்டதோ என்று நடுங்குவார். ஒரு செக்கும் திரும்பவில்லை என்று நான் வங்கிப் புத்தகத்தை எடுத்துக் காட்டியும் நம்பவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஈமான் உறுதியாக இருந்தால் இப்படி வருமா?" என்று கேட்டேன். ஐந்து நேரமும் முன் வரிசையில் நிற்கும் மனிதனிடம் கேட்டேன். அவர் வாதாடவில்லை. "சரி காக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் வியாபார வாழ்க்கையில் நான் செய்த பெரிய நட்டம் எது என்று கேட்டால், அந்த ஒரு வசனத்தைத்தான் சொல்வேன்.

கொப்பியில் உள்ள கணக்கு

அடுத்த ஐந்து மாதமும் நாங்கள் செலவழித்ததை என் கொப்பியில் இருந்தபடியே தருகிறேன். கொழும்புக்கு இரண்டு தடவை வேன் வாடகை 70,000 ரூபா. தனியார் வைத்தியசாலை ஒன்றில் இருதயப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, தலை ஸ்கேன் எல்லாம் சேர்த்து 62,000. தங்குமிடம், சாப்பாடு 18,000. "செய்வினை இருக்கிறது" என்று சொல்லி நூல் கட்டியவருக்கு 35,000. பாமசியில் துண்டில்லாமல் வாங்கிய தூக்க மாத்திரை 4,500. மொத்தம் 1,89,500 ரூபா. இந்தக் காசில் தம்பியின் நோய்க்குரிய வைத்தியத்துக்கென்று போனது ஒரு ரூபாவும் இல்லை.

கடைசியில் கொழும்பில் இருதய வைத்தியர்தான் தெளிவாகச் சொன்னார்: "இருதயம் நன்றாக இருக்கிறது. இவரை மனநல வைத்தியரிடம் காட்டுங்கள். உங்கள் மட்டக்களப்பிலேயே காட்டலாமே?"

காத்தான்குடியிலிருந்து மட்டக்களப்பு ஆறு கிலோமீற்றர் அளவுதான். அங்கே போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பார்வையிடக் கட்டணம் இல்லை. இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டே கொழும்புக்குப் போனோம். ஏன்? ஊரார் யாராவது கண்டுவிடுவார்கள். நாளைக்குத் தம்பியின் பெண்பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேச வருபவர்கள் காது குத்துவார்கள். சாமான் தரும் மொத்த வியாபாரிகள் கடனை நிறுத்துவார்கள். ஆக, அந்த வேன் வாடகையும் தங்குமிடச் செலவும் நோய்க்குக் கொடுத்த காசல்ல, வெட்கத்துக்குக் கொடுத்த காசு.

டிசெம்பரில் மட்டக்களப்புக் கிளினிக்குக்குப் போனோம். வாங்கில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், எதிரே நமது ஊர் வியாபாரிகள் இருவர்! ஒருவர் எங்கள் கடையிலிருந்து நாலாவது கடை. முதலில் மூவரும் தலையைக் குனிந்துகொண்டோம். பிறகு அவர்தான் ஸலாம் சொன்னார். யாரிடமிருந்து ஒளிவதற்காக நான் கொழும்புவரை ஓடினேனோ, அவரும் என்னிடமிருந்து ஒளிந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

வைத்தியர் மருந்து கொடுத்தார். வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், அதற்குள் "பலனில்லை" என்று விட்டுவிடாதீர்கள், சுகமான பின்னரும் பல மாதங்கள் தொடர வேண்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம் என்று விளக்கினார். பயத்தையும் தவறான எண்ணங்களையும் பேசிச் சரிசெய்வதற்குத் தனியாக ஓர் உளவளத்துணையாளரிடமும் போனோம். அவருக்கு எட்டு அமர்வு, ஓர் அமர்வுக்கு 3,000 வீதம் 24,000 ரூபா. பன்னிரண்டு தடவை ஓட்டோ போய்வர 14,400. ஆக மொத்தம் 38,400 ரூபா. 2023 ஏப்ரலில் வந்த நோன்புப் பெருநாளைக்குத் தம்பி கல்லாவில் உட்கார்ந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

இதற்கு மேல் இன்னொரு கணக்கு இருக்கிறது. அந்த ஐந்து மாதத்தில் வசூலுக்குப் போக ஆளில்லாததால் கடன் கொப்பியில் 4 இலட்சத்துக்கு மேல் வராமலே போனது. வைத்தியம் செய்த செலவையும் செய்யாமலிருந்த செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எது நட்டம்?

இது எங்கள் வீட்டுக் கணக்கு மட்டுமல்ல. மனச்சோர்வினாலும் பதற்றத்தினாலும் உலகத்தில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாட்கள் இழக்கப்படுவதாகவும், அதன் பெறுமதி ஒரு இலட்சம் கோடி டொலர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இவற்றின் சிகிச்சைக்குப் போடும் ஒவ்வொரு டொலருக்கும் நான்கு டொலர் திரும்பி வருகிறது என்று அந்நிறுவனத்தின் தலைமையில் நடந்த ஆய்வொன்று 2016இல் காட்டியது. ஒன்றுக்கு நான்கு வரும் வியாபாரத்தை நம்மில் யார் வேண்டாம் என்போம்?

காசு கொடுக்கும் முன் கேளுங்கள்

சாமான் வாங்கும்போது நாலு கேள்வி கேட்கும் நாம், வைத்தியத்துக்குப் போனால் வாயைத் திறப்பதில்லை. கேட்கத்தான் வேண்டும்.

முதலாவது, எதிரே இருப்பவர் யார்? மனநல வைத்தியர் மருந்து எழுதக்கூடியவர், இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவர். உளவியலாளரும் உளவளத்துணையாளரும் பேச்சின் மூலம் சிகிச்சை அளிப்பவர்கள், மருந்து எழுதமாட்டார்கள். அவர்கள் எங்கே படித்தார்கள், எவ்வளவு காலப் பயிற்சி என்று கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. நாலு நாள் கருத்தரங்குக்குப் போய்வந்தவரும் பலகை தொங்கவிடலாம்.

இரண்டாவது, எத்தனை அமர்வு? எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை பெரும்பாலும் 6 முதல் 20 அமர்வுகளில் முடியும். ஓர் அமர்வின் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். மொத்தம் எவ்வளவு வரலாம், எந்த அமர்வில் முன்னேற்றத்தைப் பரிசீலிப்பீர்கள் என்றும் கேளுங்கள். நடுவில் காசு முடிந்து பாதியில் விடுவது, அத்திவாரம் போட்டுக் கூரை போடாமல் விட்ட வீடு மாதிரி.

மூன்றாவது, பில்லில் என்னென்ன சேர்கிறது? தனியாரிடம் செனல் பண்ணினால் வைத்தியர் கட்டணம் வேறு, வைத்தியசாலைக் கட்டணம் வேறு, மருந்து வேறு. அதே மருந்து அரசாங்கக் கிளினிக்கில் கிடைக்குமா என்று வைத்தியரிடமே கேட்கலாம். காப்புறுதி எடுத்தவர்கள் ஒப்பந்தத்தில் மனநோய் அடங்குகிறதா, விலக்கப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்குத் தரும் காப்புறுதியை மன நோய்க்கும் தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருக்கிறது. நமது காப்புறுதி முகவர்களிடம் நாமும் இதைக் கேட்கத் தொடங்கவேண்டும்.

இலவசக் கிளினிக்கில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. காலையில் போனால் பகல் ஆகிவிடும். கூட்டம் அதிகம், வைத்தியர் பேசக் கிடைக்கும் நேரம் குறைவு. அதனால்தான் மருந்தை அங்கே எடுத்துக்கொண்டு, பேச்சுச் சிகிச்சைக்கு மட்டும் காசு கொடுத்தோம். வசதியில்லாதவர்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரிக்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஒருவர் உயிரை விடுவதைப் பற்றிப் பேசினால் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பொலிஸுக்குப் பயந்து மறைக்கவும் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

நம் முன்னோர் வெட்கப்படவில்லை

"இது வெள்ளைக்காரன் வைத்தியம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கி, உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்த கவலையையும் காரணம் தெரியாத கவலையையும் அன்றே பிரித்துக் காட்டினார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய வைத்தியசாலையில் மனநோயாளருக்கென்று தனிப் பகுதி இருந்தது. செலவெல்லாம் வக்பு சொத்தின் வருமானத்தில். ஓதுவதும் துஆச் செய்வதும் நமக்கு வேண்டும்தான், தம்பிக்காக நாங்களும் ஓதினோம். ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்லிக் காசு வாங்குபவரிடம் போகாதீர்கள்.

நமது ஊருக்கு இது இன்னும் அவசியம். 1990 ஆகஸ்ட் 3இல் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். 2004இல் கடல் வந்தது. உடைந்த சுவரைக் கட்டினோம், போன முதலைத் திரும்பத் தேடினோம். மனதில் விழுந்த உடைவை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அது வட்டியோடு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

நம் கையில் உள்ளவை

இரண்டு காரியங்களை இன்றே செய்யலாம். ஒன்று, கடையில் வேலை செய்யும் பிள்ளை கிளினிக்குக்குப் போகவேண்டும் என்றால் முகம் சுளிக்காமல் லீவு கொடுங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி சுகயீனத்துக்கும் சொந்த அலுவலுக்குமாக வருடத்துக்கு 7 நாள் சம்பளத்துடனான லீவு அவருடைய உரிமை. என்ன நோய் என்று மற்றவர்கள் முன்னால் கேட்காதீர்கள்.

இரண்டு, நமது வர்த்தகர்களும் பள்ளிவாயல்கள் முஸ்லிம் நிறுவனங்களின் சம்மேளனமும் சேர்ந்து, வசதியற்றவர்களின் பேச்சுச் சிகிச்சைக்கும் போக்குவரத்துக்கும் ஒரு நிதி தொடங்கலாம். ஸக்காத்தில் கொடுக்கலாமா, ஸதகாவில் மட்டும்தானா என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்வோம். சிறுநீரக நோயாளிக்குப் பள்ளியில் வசூல் செய்கிறோம். மனநோயாளிக்கு அப்படிப் பெயர் சொல்லி வசூலிக்க முடியாது, ஆகவே பெயர் வெளிவராத நிதியாக அது இருக்கவேண்டும்.

இன்று தம்பி கொள்முதலுக்குப் புறக்கோட்டை போய்வருகிறார். மாதத்துக்கொரு தடவை நானே அவரைக் கிளினிக்குக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போகிறேன். பிரதான வீதியால், பகல் வெளிச்சத்தில்தான் போகிறோம். யாராவது "எங்கே?" என்று கேட்டால் இடத்தைச் சொல்கிறேன். கேட்டவர்களில் மூன்று பேர் பின்னேரம் கடைக்கு வந்து, கதவோரம் நின்று, "அந்தக் கிளினிக் எந்த நாள் காக்கா?" என்று மெதுவாகக் கேட்டுப் போயிருக்கிறார்கள்.